பாவை ஏறாத கப்பல்

கண்ணின் நடுவே ஒளி புகும் கருந்துளைக்கு ஆங்கிலத்தில் 'பியூப்பில்' என்று பெயர். அது இலத்தீன் மொழியின் 'பூபில்லா'விலிருந்து வந்தது. இதுவரை எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் 'பூபில்லா' நம் 'பாவை'யிலிருந்து, அல்லது 'பாப்பா'விலிருந்து பிறந்தது என்பது அடுத்த படி. இக்கூற்று கருத்தரங்க மலர்களில் அச்சேறிவிட்டது, ஆய்வேடுகளில் இடம்பிடித்துவிட்டது, கைப்பேசிகளில் ஓயாமல் வலம் வருகிறது. அண்மையில் நாம் அமர்ந்திருந்த அவையொன்றில் இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, "இலத்தீனுக்கு அது எப்படிப் போயிற்று, ஐயா?" என்று வினவினாள். மேடையிலிருந்து வந்த விடை ஒரே சொல்: "கப்பலில்." அவை சிரித்துக் கைதட்டியது. கேட்டவள் அமர்ந்துவிட்டாள்.

அம்மாணவிக்கு யாரேனும் விடை சொல்லியாக வேண்டும். தமிழ் இலக்கியம் கற்று, அதைக் கற்பித்தே பிழைக்கும் நாம் சொல்வதுதான் முறை. அயல்துறையார் சொன்னால் 'தமிழ்ப்பகை' என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நம் விடை இதுதான்: பாவை எங்கும் போகவில்லை. போயிற்று என்போர் தமிழுக்குத் தொண்டு செய்யவில்லை. தமிழர் தம் கண்ணால் கண்டு பெயரிட்ட ஒன்றை வெறும் ஏற்றுமதிச் சரக்காக்குகிறார்கள்.

முதலில் இலத்தீன் சொல்லைப் பார்ப்போம். 'பூபுஸ்' என்றால் சிறுவன், 'பூபா' என்றால் சிறுமி. பொம்மைக்கும் 'பூபா' என்றே பெயர். அம்மொழியில் ஒரு சொல்லின் இறுதியில் '-இல்லுஸ்', '-இல்லா' என்னும் ஈறுகளைச் சேர்த்தால் 'சிறிய' என்னும் பொருள் கிட்டும். 'பூபில்லா' என்பது சின்னஞ்சிறுமி, சின்னப் பொம்மை. வேறோர் ஈற்றைச் சேர்த்துப் 'பூபுலா' என்றும் சொல்வர். சிசெரோ கண்ணின் அமைப்பை வியந்து எழுதுமிடத்தில் இவ்வடிவத்தைத்தான் ஆள்கிறார். ஆண்பால் வடிவமான 'பூபில்லுஸ்' உரோமச் சட்டத்தில் தந்தையை இழந்து காப்பாளர் பொறுப்பில் வளரும் சிறுவனைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சென்று, ஆசிரியரின் பொறுப்பிலிருக்கும் மாணவன் என்று பொருள் விரிந்தது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 'பியூப்பில்' அவன்தான். 'பப்பெட்' என்னும் ஆட்டப் பொம்மையும், கூட்டுப்புழுவுக்கு லின்னேயஸ் வழங்கிய 'பியூப்பா'வும் அதே குடும்பம். ஆக, இச்சொல்லின் ஒவ்வோர் உறுப்பும் இலத்தீனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்ததற்குச் சான்று இருக்கிறது. ஆண்பால், பெண்பால், சிறுமைப்பொருள் ஈறு, கிளைத்த பொருள்கள் என்று குடும்பமே வீட்டில் இருக்கும்போது, அக்குழந்தை கப்பலில் வந்திறங்கியது என்பதற்கு என்ன தேவை?

இலத்தீனுக்கு முன்னரே கிரேக்கர் இத்துளையைக் 'கொரே' என்றனர். கொரே என்றாலும் சிறுமிதான், பொம்மைதான். இலத்தீனார் கிரேக்கச் சொல்லின் பொருளை எடுத்துத் தம் சொல்லில் ஏற்றியிருக்கக் கூடும். கிரேக்க மருத்துவத்தை அவர்கள் அப்படித்தான் கற்றார்கள். கிரேக்கச் சொல் இன்றும் மருத்துவமனையில் உயிரோடு இருக்கிறது. இரு கண்களின் பாவைகளும் ஒத்த அளவில் இல்லாத நிலைக்கு 'அனைசோகோரியா' என்று மருத்துவர் எழுதுகிறாரே, அதன் வாலில் நிற்பவள் இந்தக் கொரேதான்.

கொரேயையும் நம்மவர் விட்டுவைக்கவில்லை. 'குமரி' தேய்ந்து 'கொரே' ஆயிற்றாம். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சொல்லின் பழைய வடிவம் நமக்குக் களிமண்ணில் கிடைத்திருக்கிறது. பைலோஸ் அரண்மனைக் கணக்கர்கள், கி.மு. 1200ஐ ஒட்டி, பணிப்பெண்களையும் அவர்தம் பிள்ளைகளையும் எண்ணிக் கணக்கெழுதிய பலகைகளில் சிறுமியரைக் 'கொ-வ' என்றும் சிறுவரைக் 'கொ-வொ' என்றும் குறித்தார்கள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அவ்வெழுத்தைப் படித்துத் தந்தார். அவ்வெழுத்து முறையில் அசையிறுதி ரகரம் எழுதப்படுவதில்லை. எனவே உச்சரிப்பு 'கொர்வா'. அர்க்காடியக் கிளைமொழியில் அந்த வகரம் பின்னும் எஞ்சியிருந்தது. ஏதென்சில் உதிர்ந்து 'கொரே' ஆயிற்று. சொல்லின் நடுவே இருந்தது வகரம். குமரியின் மகரம் அங்கு எப்போதும் இருந்ததில்லை. ஒரு சொல் பிற்காலத்தில் பெற்ற தோற்றத்தை வைத்து அதன் பிறப்பைச் சொல்வது, கிழவரின் நரைமுடியைக் காட்டி இவர் நரையோடுதான் பிறந்தார் என்பது போன்றது.

இனி நியாயமான கேள்வி ஒன்று எஞ்சும். ஒரு கண்துளைக்குத் தமிழன் 'பொம்மை' என்கிறான், கிரேக்கன் 'பொம்மை' என்கிறான், உரோமன் 'பொம்மை' என்கிறான். இது தற்செயலா? இல்லை, தற்செயல் அன்று. ஆனால் காரணம் கப்பலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. எதிரே இருப்பவரின் கண்ணை ஒரு சாண் தொலைவில் நின்று உற்றுப் பாருங்கள். கருமையின் நடுவே ஒரு சிறு உருவம் நிற்கும். அது நீங்கள்தான். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமாகிய கார்னியா ஒரு சிறு குவியாடி. அதன் வளைவின் ஆரம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். குவியாடியில் தெரியும் உருவம் நிமிர்ந்தும் மிகச் சுருங்கியும் இருக்கும். பின்னால் இருண்ட துளை இருப்பதால், கரும்பலகையில் வெண்கோடு போல் உருவம் எடுப்பாகத் தெரிகிறது. கண்ணுக்குள் தோன்றும் இத்தகைய எதிரொளிப்புகளை 1823இல் செக் நாட்டு உடலியலாளர் யான் புர்கிஞே விளக்கி எழுதினார். ஆனால் குழந்தையை மடியில் கிடத்திக் கொஞ்சிய எந்தத் தாயும், காதலியின் முகத்தருகே முகம் வைத்த எந்தக் காதலனும் அதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் முன்னரே இதைக் கண்டிருப்பார்கள்.

கண்டவர்கள் பெயரும் இட்டார்கள். பழைய எகிப்தியர் 'கண்ணிலுள்ள சிறுமி' என்றனர். எபிரேயத்தில் 'ஈஷோன்', 'ஈஷ்' என்றால் மனிதன், ஈஷோன் சின்ன மனிதன். அரபியில் 'இன்ஸான் அல் ஐன்', கண்ணின் மனிதன். பாரசீகத்தில் 'மர்துமக்', அதுவும் சிறு மனிதனே. வடமொழியில் 'கனீனிகா', சிறுமி. ஸ்பானியரும் 'கண்ணின் சிறுமி' என்றே சொல்வர். தெலுங்கில் 'கனுபாப', அது நம் கண்பாப்பாவின் உடன்பிறப்பு, அவ்வுறவை எவரும் மறுக்கவில்லை. பாவையே அனைத்துக்கும் மூலம் என்றால் ஈஷோனும் மர்துமக்கும் இன்ஸானும் அதிலிருந்து ஒலி திரிந்து வந்தவை என்று நிறுவ வேண்டும். வேர்ச்சொல் வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. ஒலி ஒத்துவரும் ஒரு மொழியை மட்டும் பொறுக்கிக்கொண்டு, ஒத்துவராத பத்தைக் கண்டும் காணாமல் நடக்கிறார்கள். 1981இல் செசில் பிரவுன், ஸ்டான்லி விட்கோவ்ஸ்கி என்னும் இரு அமெரிக்க மானிடவியலாளர்கள் ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகள் பலவற்றைத் திரட்டி, கண்துளையை மனித உருவாகச் சொல்லும் வழக்கம் உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்றியிருப்பதை எடுத்துக்காட்டினார்கள். அதைப் படிக்காமல் இத்துறையில் மேடையேறுவது துணிச்சல்தான்.

பொருள் ஒற்றுமை சரி, பாப்பா – பூபா என்னும் ஒலி ஒற்றுமைக்கு என்ன சொல்வீர்கள் என்பார்கள். சொல்கிறோம். இதழ்களை மூடித் திறந்தால் பிறக்கும் ஒலிகள் பகரமும் மகரமும். குழந்தை முதலில் பழகும் ஒலிகளில் அவை சேரும். ஆகவே குழந்தையையும் தாய் தந்தையரையும் சுட்டும் சொற்கள் உலகெங்கும் பாபா, மாமா, பாப்பா என்றே திரண்டு கிடக்கின்றன. ரோமன் யாகப்சன் 'மாமா', 'பாப்பா' ஆகிய சொற்களின் காரணத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. இவ்வகைச் சொற்களைக் கொண்டு மொழியுறவு நாட்டலாகாது என்பது அத்துறையின் அரிச்சுவடி. ஒலி மயக்கம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்குக் கண்ணுக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. கொரேயும் கார்னியாவும் ஒரே கண்ணில், விரற்கடைத் தொலைவுகூட இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஒலியும் நெருங்கி வருகிறது. ஆனால் இரண்டுக்கும் யாதோர் உறவும் இல்லை. கார்னியா இலத்தீன் 'கொர்னு', அதாவது கொம்பு, என்பதிலிருந்து வந்தது. கொம்பைச் சீவினாற்போன்ற படலம் என்று பொருள். ஒரே உறுப்பில், ஒரே மருத்துவ மரபில் அடுத்தடுத்து நிற்பவையே உறவாக இல்லாதபோது, கடல் கடந்த உறவுக்கு ஒலி ஒன்றே சாட்சியாகுமா?

இப்போது கப்பலுக்கு வருவோம். கப்பல் பொய் என்று நாம் சொல்லவில்லை. முசிறியிலிருந்து 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பல் ஏற்றிச்சென்ற சரக்கின் கணக்கு கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாளில் இருக்கிறது. செங்கடற்கரைக் குசெய்ர் அல்-காதிமில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமியில் உள்ளன. பிப்பலி என்னும் இந்தியச் சொல் கிரேக்கத்தில் 'பெபெரி' ஆனது, இலத்தீனில் 'பிபெர்' ஆனது, ஆங்கிலத்தில் 'பெப்பர்' ஆயிற்று. ஆனால் அச்சொல் ஏன் போயிற்று? அச்சரக்கு அங்கே விளையாதது. இல்லாத பொருள் வந்தபோது பெயரையும் கூட்டிவந்தது. கண்ணின் பாவை ஒவ்வொரு கிரேக்கனின் முகத்திலும் பிறப்பிலிருந்தே இருந்தது. அதை யார் இறக்குமதி செய்வார்?

உடலுறுப்புப் பெயர்கள் கடனாகவே போகமாட்டா என்று நாம் வாதிடவில்லை. நாமே 'நேத்திரம்', 'சிரசு' என்று வடமொழியிலிருந்து வாங்கிப் புழங்கியிருக்கிறோம். ஆனால் அது பல நூற்றாண்டு நூற்பழக்கத்தின் விளைவு. அத்தகைய உறவில் சொற்கள் கூட்டமாக வரும். வந்த வழியெல்லாம் தடம் கிடக்கும். தமிழிலிருந்து ஒற்றைச் சொல் மட்டும், அதுவும் கண்ணின் துளைக்கு உரியது மட்டும், தனியே கப்பலேறி உரோம் சென்று, அங்கே ஆண்பால் வடிவமும் பெற்றுச் சட்டநூலிலும் குடியேறியது என்றால் அது மொழியியல் அன்று. நாட்டார் கதைக்கேற்ற கரு. இதன் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. மேடையில் இத்தகைய கதைகளைக் கேட்டுச் சலித்த அயலார், நாளை குசெய்ர் பானையோட்டைக் காட்டினாலும் புன்னகைத்துவிட்டுப் போவார்கள். உண்மைச் சான்றின் மதிப்பை இவர்கள் அல்லவா குறைக்கிறார்கள்?

ஏன் இலத்தீனையே தேடிப் போகிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும். ஈஷோனுக்குப் பாவை தாய் என்று நிறுவ ஒருவரும் மெனக்கெடவில்லை. மருத்துவக் கல்லூரியில் ஒலிப்பது கிரேக்கமும் இலத்தீனும் என்பதால் அவற்றுக்குத் தாயானால்தான் தமிழுக்குப் பெருமை என்னும் எண்ணம் உள்ளே இருக்கிறது. 'தமிழில் உடற்கூற்றியலா? சிரிப்புதான் வரும்' என்று ஏளனம் செய்யும் ஆங்கிலப் பற்றாளரும் இவரும் பகைவர் போலத் தோன்றுவார்கள். இருவர் நெஞ்சிலும் குடியிருப்பது ஒரே தாழ்வுணர்ச்சி.

அந்த உயர்குடிச் சொற்களின் யோக்கியதையைச் சற்றே பாருங்கள். 'மசில்' என்பதன் மூலமான 'மூஸ்குலுஸ்' என்றால் சுண்டெலி. தோளை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் தெரிகிறதாம். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல். இதயத் தசையை 'மயோகார்டியம்' என்று கம்பீரமாகச் சொல்லும்போது 'மயோ'வுக்குள் ஓடுவது அதே எலி. 'ஆர்ட்டரி' இன்னும் சுவையானது. 'ஆர்டெரியா' என்று பழைய கிரேக்கர் மூச்சுக்குழாயைச் சொன்னார்கள். பிணத்தை அறுத்துப் பார்க்கும்போது தமனிகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கவே, அவையும் காற்றுக் குழாய்களே என்று கருதி அதே பெயரை இட்டார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எராசிஸ்திராதோஸ் அவற்றில் ஓடுவது உயிர்க்காற்று என்றே கற்பித்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலென் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, இடையே வெட்டிக் காட்டி, உள்ளே இருப்பது குருதிதான் என்று மெய்ப்பித்தார். கருத்து மடிந்தது, தவறான பெயர் பிழைத்துக்கொண்டது. உண்மையான மூச்சுக்குழாய் தன் பெயரைப் பறிகொடுத்து, 'சொரசொரப்பான ஆர்டெரியா' என்னும் தொடரின் அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டு 'டிரக்கியா' என்று நிற்கிறது. அதாவது, வெறும் 'சொரசொரப்பு'. நம் பாடநூலில் உள்ள 'தமனி'யும் ஊதுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்ததே என்பதை இங்கே நினைவூட்டலாம். ஊதுகுழல் என்னும் எண்ணம் இங்கும் தனியே எழுந்திருக்கிறது.

உறுப்புப் பெயர்களைப் பற்றியே நூல் எழுதிய எபேசு நகரத்து ரூஃபஸ், மண்டையோட்டு இணைப்புகளுக்குப் பழைய பெயர்களே கிடையா, கிரேக்கம் சரியாகத் தெரியாத எகிப்திய மருத்துவர் சிலர் இட்ட பெயர்களே வழங்குகின்றன என்று குறைப்பட்டுக்கொள்கிறார். கலைச்சொல் என்பது எங்கும் இப்படித்தான் பிறக்கிறது: கண்டது, தவறாகக் கண்டது, அரைகுறையாகச் சொன்னது. பின்னர் எல்லாரும் ஒன்றையே சொல்வோம் என்று உடன்படும்போது அது அறிவியலாகிறது. 1895இல் பாசல் நகரில் உடற்கூற்றியலார் உடன்பாட்டுப் பட்டியல் வகுக்கும் வரை ஐரோப்பாவிலும் ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் மலிந்து கிடந்தன.

இந்த இடத்தில் தேவநேயப் பாவாணரை இழுக்காமல் விடமாட்டார்கள், நாமே சொல்லிவிடுகிறோம். தமிழே உலக முதன்மொழி என்னும் அவர் முடிபை நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர் தமிழ்ச் சொற்களைத் திரட்டிய உழைப்பு பெரிது; ஊர்வழக்கையும் இலக்கிய வழக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. இன்று அவர் பெயரால் நடப்பதில் அந்த உழைப்பு இல்லை. ஆங்கில அகராதியை ஒரு கையிலும் ஆசையை மறு கையிலும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வேர் காண்கிறார்கள். 1961இல் வெளிவந்த பரோ – எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டியவர் இவர்களுள் எத்தனை பேர்?

இழப்பு எதுவென்று இனிச் சொல்லலாம். 1123ஆம் குறளில் காதலன் ஒருவன் தன் கருமணிக்குள் இருக்கும் பாவையை விளித்து, இடத்தைக் காலிசெய்து போ என்கிறான். தான் விரும்பும் நங்கைக்கு அங்கே இடம் போதவில்லையாம். இக்குறள் மேற்படிக் கட்டுரைகளில் தவறாமல் வருகிறது. எதற்காக? பாவை என்னும் சொல்லின் பழமைக்கு ஆவணமாக. பட்டா சிட்டாவைக் காட்டுவது போலக் குறள் எண்ணைக் காட்டிவிட்டு நகர்கிறார்கள். அக்குறளில் நடப்பதென்ன என்று நின்று பார்ப்பதில்லை. பாவை என்பது வழக்கில் தேய்ந்து வெறும் உறுப்புப் பெயராகிவிட்ட சொல்லாக இருந்திருந்தால் அவளை வெளியேறச் சொல்ல முடியாது. உள்ளே ஒருத்தி குடியிருக்கிறாள் என்னும் உணர்வு உயிரோடு இருக்கும்போதே இக்குறும்பு செல்லும். மேலும், கண்ணில் தெரியும் உருவம் எதிரே நிற்பவருடையது. இவன் கண்ணுக்குள் இருப்பவளோ நிலையாகக் குடியிருக்கும் வேறொருத்தி. அவள் போனால்தான் இவள் வரமுடியும். ஒரே கண்ணுக்கு இரண்டு பெண்கள் போட்டி.

பிளேட்டோவின் பெயரில் வழங்கும் 'அல்கிபியாடெஸ்' உரையாடலில் சாக்ரடீசும் இந்தக் கொரேயைத்தான் பிடிக்கிறார். பிறர் கண்ணில் நம் முகம் கண்ணாடியில் போலத் தெரிகிறது. கண் தன்னைக் காண இன்னொரு கண்ணை நோக்க வேண்டும், அதுபோல ஆன்மா தன்னை அறிய இன்னோர் ஆன்மாவை நோக்க வேண்டும் என்கிறார். மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றில், இத்தனை சிறிய பாவையில் முழு மனித உருவம் தெரிகிறதே என்று வியக்கிறார். ஒரே காட்சி. கிரேக்கன் தன்னையறிதலுக்குப் போனான், உரோமன் வியந்து நின்றான், வள்ளுவரின் காதலன் இடத்தகராறு செய்தான். இம்மூன்றையும் அருகருகே வைத்து ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். பாடம் முடிந்தும் மாணவர் எழுந்து போகமாட்டார்கள். கடன் கொடுத்த கணக்கு என்று சுருக்கினாலோ மூன்றும் ஒன்றாகி, ஒன்றும் சுவையில்லாமல் போகிறது. அயல்மொழியின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து அங்கே தம் முகத்தை மட்டுமே கண்டு திரும்புகிறவர்களுக்கு இது புரியாது.

மாசசூசெட்சிலிருந்து 1847இல் இலங்கை வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயர் வைத்து, எலும்பு முதல் நரம்பு வரை தமிழில் எழுத வைத்தார். அவர் ஆக்கிய சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. வடமொழிச் சார்பு மிகுதி என்ற குறையும் சொல்லலாம். ஆனால் ஓர் அமெரிக்கர் நம் மொழியில் உடலுக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்தார். நாமோ அவர் விட்டுவந்த பெயர்களுக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

நம் பள்ளிப் பாடநூலில் 'கண்பாவை' இருக்கிறது. பள்ளியோடு அது நின்றுவிடுகிறது. தலையில் அடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்தால் மருத்துவர் முதலில் விளக்கடித்துப் பார்ப்பவற்றுள் ஒன்று அந்தப் பாவைதான்: இரண்டும் ஒத்த அளவில் உள்ளனவா, ஒளி பட்டதும் சுருங்குகின்றனவா என்று. இல்லையென்றால் 'அனைசோகோரியா' என்று தாளில் எழுதுகிறார். வெளியே காத்திருக்கும் மகனுக்கு அச்சொல் விளங்காது. 'உங்கள் அப்பாவின் கண்பாவை இரண்டும் ஒரே அளவில் இல்லை' என்றால் விளங்கும். அத்தொடரைச் சொல்ல மருத்துவ மாணவருக்கு எந்தக் கல்லூரியில், எந்தத் தாளில், யார் கற்பிக்கிறார்கள்?